காற்றில் ஈரம் என்று சொன்னேன்

இரும்பு வெட்டுகிற பிளாஸ்மா கட்டர் பற்றவில்லை என்றால் முதலில் எதைச் சந்தேகப்படுவீர்கள்? வொர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வரும் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "காத்துல ஈரம், அங்கிள்." கேமரன் மலையில் அது தப்பான பதிலும் இல்லை. நாள் முழுக்கப் பனியும் தூறலுமாக இருக்கிற ஊரில் கட்டருக்குக் கம்ப்ரசர் இழுக்கிற காற்றோடு தண்ணீரும் வரத்தான் செய்யும். தண்ணீர் சேர்ந்தால் கையில் பிடித்து வெட்டுகிற டார்ச் முரண்டு பிடிக்கும்.

ஆனால் இந்த எஸ்டேட்டில் அந்தப் பதில் வேதவாக்காக ஆனதற்கு நான்தான் காரணம். ஒரு நாள் பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். மறுபடி அதே இடத்தில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். ஓய்வு பெற்று வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு, "அனுபவத்தைச் சொல்லுங்க" என்கிறீர்கள். மெஷினைப் பற்றி அதன் புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை. நான் ஞாயிறு தவறாமல் தானா ராத்தா தேவாலயத்துக்குப் போகிறவன். ஆனாலும் வொர்க்‌ஷாப் ஃபோர்மேன் என்ற முறையில் ஒவ்வொரு வருடமும் அந்தப் பூஜையில் போய் நிற்பேன். "அண்ணே சாமிக்காக வரல, சுண்டலுக்காக வர்றாரு" என்று கிண்டலடிப்பான் எங்கள் வெல்டர் சுகுமாரன். சுண்டலும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

சுகுமாரனை உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது சாமான் அறையில் இருக்கிறாரே, கால் சாய்த்து நடப்பவர், அவர்தான். அப்போது அவன் ஓடியாடுகிற ஆள். பிளாஸ்மா டார்ச்சை வேறு யாரும் தொட்டால் முகம் சுளிப்பான். பூஜைக்கு முந்தின நாளே அதைப் பிரித்துத் துடைத்து, மூடி தனியாக, முனை தனியாக, டார்ச் தலை தனியாக வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தான். அவன் மனைவி தேவி தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். அவள்தான் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக ஒவ்வொரு சாமானாகப் போய்ப் பொட்டு வைத்தாள். வைக்கும்போதெல்லாம் உதடு எதையோ முணுமுணுத்தது. நான் அந்தப் பக்கம் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் சுண்டல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தீபாராதனை முடிந்ததும் சுகுமாரன் டார்ச்சை மறுபடி பூட்டி மெஷினோடு சாமி முன்னால் வைத்தான். அன்றைக்கு அதை எடுக்கக் கூடாது, மறுநாள் பூஜை போட்ட பிறகுதான் வேலை. லோரிக்கு மட்டும் வேறு வழக்கம். வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எஸ்டேட்டை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். ஓட்டியவன் ரிங்லெட்டிலிருந்து வரும் மணியம். பக்கத்து சீட்டில் சுகுமாரன் தாவி ஏறிக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க மழை. மேல் காட்டுத் திருப்பத்தில் ரோட்டோரம் ஊறிப்போய் இருந்திருக்கிறது. லோரியின் பின் சக்கரம் ஏறியதும் ஓரம் அப்படியே பெயர்ந்துவிட்டது. நாங்கள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது லோரி சரிவில் இறங்கி, இடது முன்பக்கம் பாறையில் மோதி நசுங்கி, தேயிலைச் செடிகள் மேல் சாய்ந்து நின்றது. வாழைக்கன்று மட்டும் ஒன்றும் ஆகாமல் ஆடிக்கொண்டிருந்தது. மணியம் வலது கதவு வழியாக ஏறி வெளியே வந்துவிட்டான். சுகுமாரனால் வர முடியவில்லை. முன்பக்கத் தகடும் சீட்டின் இரும்புச் சட்டமும் சேர்ந்து அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே கவ்விப் பிடித்திருந்தன.

போம்பாவுக்குச் சொன்னோம். தீயணைப்பு வண்டி உடனே கிளம்பிவிட்டது, உண்மைதான். ஆனால் அது சனிக்கிழமை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் கியா பார்மில் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த ஜாமில் சைரனுக்கு ஒதுங்க இடம் ஏது? எங்கள் எஸ்டேட் அதற்கும் அந்தப் பக்கம்.

எஸ்டேட் டிரசர் மருந்துப் பெட்டியோடு வந்து, சன்னல் வழியாக உள்ளே கைவிட்டு சுகுமாரனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"பாதம் ஜில்லுன்னு ஆயிடுச்சு அந்தோணி. போம்பா எப்ப வரும்னு தெரியல. இப்படியே விட்டா கால எடுத்துத்தான் ஆகணும்."

வெல்டர் வேலை காலில் நின்று செய்கிற வேலை. சரிவில், ஏணியில், கொதிகலன் மேல். கால் போனால் அவனுக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

போதாததற்கு லோரி வேறு இன்னும் முழுசாக நிற்கவில்லை. யாராவது கை வைத்தால் மண் கரகரவென்று இறங்கியது. மேலே டிராக்டரை நிறுத்திச் சங்கிலி போட்டோம். எங்களோடு வேலை செய்த வங்காளதேசத்துப் பிள்ளைகள் லோரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "பெலான், பெலான்" என்று ஒருவரை ஒருவர் அடக்கிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, மெதுவாக என்பதற்கு மேல் மலாயில் சொல்ல ஒன்றும் இல்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கையில் என்னென்ன இருந்தன? கிரைண்டர் இருந்தது. அதன் அதிர்வில் லோரி இறங்கும், அந்த இடுக்கில் அதன் வெட்டுத் தட்டும் நுழையாது. கேஸ் கட்டர் இருந்தது. அந்தச் சூட்டில் இரும்புக்கு முன்னால் கால் வெந்துவிடும். சங்கிலி போட்டு இழுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். காலோடு சேர்த்து இழுப்பதா என்று கேட்டேன். மிச்சம் பிளாஸ்மா. கோடு போட்டது போல வெட்டும், சூடு அதிகம் பரவாது. அதுவோ சாமி முன்னால் பூஜையில் இருக்கிறது.

எடுக்கலாமா கூடாதா என்று யாரும் பேசவே இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பூசாரியே மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், மாலையோடு. டிரெய்லரில் ஜெனரேட்டரும் கம்ப்ரசரும் ஏற்றி, திருப்பம் வரை கொண்டுவந்தோம். டீசல் எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். டேங்க் மறுபக்கம், சொட்டு இல்லை. ஒருவன் கையில் தீயணைப்பு சிலிண்டரைக் கொடுத்தேன். ஈரச் சாக்கை மடித்து சுகுமாரனின் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினேன். சன்னல் வழியாக உடம்பைப் பாதி உள்ளே விட்டு, டார்ச்சை வைத்து அழுத்தினேன்.

புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. பொறி இல்லை.

மறுபடி அழுத்தினேன். காற்றுதான். ஏதோ கோளாறு என்று மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியைத் திருகி இறுக்கினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். கம்ப்ரசர் வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் புஸ். மேலே ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் என்று ஒன்று கூடினால் அதில் எல்லாரும் மெக்கானிக். கேபிளைப் பாரு, ஜெனரேட்டரைப் பாரு, சாமி குத்தம், இன்னொரு தடவ அழுத்திப் பாரு. தேவி ரோட்டு விளிம்பில் பூஜைப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உள்ளேயிருந்து சுகுமாரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, அந்த ஊசி வயரு ரெண்டையும் சேத்து முறுக்கிட்டு அடிங்க. பத்திக்கும்."

டார்ச் தலைக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. மூடி சரியாக உட்கார்ந்தால் ஊசி உள்ளே அமுங்கும். அமுங்கினால்தான் மெஷின் முனைக்கு மின்சாரம் அனுப்பும். ஊசிக்குப் போகும் இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் மெஷின் ஏமாந்துபோகும். காய்ந்த தரையில், வொர்க்‌ஷாப்பில், இந்தக் குறுக்கு வழி தெரியாத வெல்டர் இந்த மலையில் கிடையாது. எனக்கும் கை துறுதுறுத்தது. முறுக்கினால் முடிந்தது வேலை. அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

ஆனால் மழை தூறிக்கொண்டிருந்தது. லோரி முழுக்க ஈரம், சாக்கு ஈரம், சுகுமாரன் நனைந்து இரும்போடு இரும்பாகக் கிடக்கிறான். பின்னால் வங்காளதேசத்துப் பிள்ளைகள் வெறும் கையால் லோரியைப் பிடித்திருக்கிறார்கள். மூடி சரியாக உட்காராத டார்ச்சில் மின்சாரம் எந்த வழியாகப் போகும் என்று எனக்கு உத்தரவாதம் இல்லை. காலைக் காப்பாற்றப் போய் ஆளைக் கொன்றால் எந்த முகத்தோடு மேலே ஏறி வருவேன்? வேண்டாம் என்றேன்.

சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஊசி என்று நான் வாயே திறக்கவில்லை. சிவப்பு விளக்கை அவன் பார்க்கவும் முடியாது. இவனுக்கு எப்படித் தெரியும்?

சன்னலுக்குள் தலையை விட்டு அவன் முகத்துக்கு நேராகப் போனேன். "டேய், உள்ள என்னடா இருக்கு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, ரோட்டு விளிம்பைப் பார்த்தான்.

"சந்தனம்ணே. தலைக்குள்ளயும் வச்சிட்டா போல. நானும் பாக்காம மூடிட்டேன். அவ காதுல விழ வேணாம்ணே."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கால் செத்துக்கொண்டிருக்கிறது, இவன் பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. அவள் அந்தச் சந்தனத்தை எதற்காக வைத்தாள்? இவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதானே. கால் போய்விட்டால், என் கையால்தான் போச்சு என்று அவள் ஆயுசுக்கும் சுமப்பாள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஊசிக் குழியில் சந்தனம் இறங்கிக் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. ஊசி பாதியிலேயே நின்றது.

"என்னண்ணே கோளாறு?" என்று மேலேயிருந்து மணியம் கத்தினான். தேவி எழுந்து நின்றாள்.

நான் திரும்பிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "காத்துல ஈரம்லா. இந்த மலையில வேற என்ன இருக்கு? துடைச்சா சரியாயிடும்."

சந்தனம் தண்ணீரில் கரையும். ஆனால் டார்ச்சுக்குள் தண்ணீர் விடுவதும் கிணற்றில் விழுவதும் ஒன்று. டிரசரிடம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினேன். மெல்லிய கம்பியால் சுரண்டி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக வந்தது, சந்தனமும் குங்குமமும். வர வர அதைச் சட்டைப் பைக்குள் திணித்தேன். ஊசி அசைந்தது, பிறகு அமுங்கி எழுந்தது.

அப்போது சும்மா நின்றேன். இதுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம். ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். அது முழுக்கக் காயாமல் பொறி விட்டால் என் கையிலும் அவன் முகத்திலும்தான் தீ. காய விட வேண்டும். காற்றை மட்டும் ஊதவிட்டுக் காத்திருந்தேன். சுகுமாரன் முனகிக்கொண்டிருந்தான். மண் கரகரவென்று இறங்கியது, சங்கிலி முறுக்கிக்கொண்டது. கூட்டத்திலிருந்து "அடிங்க, அடிங்க" என்று சத்தம்.

"அண்ணே!" தேவியின் குரல் உடைந்துபோயிருந்தது. "சாமி செலையா நிக்கிறீங்க? அங்க அவரு துடிக்கிறாரு, நீங்க சும்மா நின்னு பாக்குறீங்களே, உங்களுக்கு நெஞ்சே இல்லையா?"

அவளுக்காகத்தான் பொய் சொன்னேன். அவளிடமே திட்டு வாங்கினேன். பதில் சொன்னால் வாயில் உண்மை வந்துவிடும் என்று பயந்து, கண்ணை மூடி எங்கள் ஜெபத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை விடாமல் மனசுக்குள் சொன்னேன். முடித்து, டார்ச்சை மூக்கருகே வைத்து முகர்ந்தேன். ஸ்பிரிட் வாடை இல்லை. பூட்டினேன்.

"எதை முதல்ல வெட்டட்டும்?" என்று சுகுமாரனிடமே கேட்டேன். எந்த இரும்பு அவன் காலைத் தாங்குகிறது, எது அழுத்துகிறது என்று என் கண்ணைவிட அவன் காலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"மேல இருக்கிறத தொடாதீங்க. சீட்டு காலு. கீழ."

அழுத்தினேன். நீலமாகப் பற்றிக்கொண்டது. மேலே யாரோ முருகா என்று கத்தியது காதில் விழுந்தது. சீட்டுக் காலை வெட்டினேன், சட்டம் கொஞ்சம் இறங்கியது, சுகுமாரன் அலறினான். ஈரச் சாக்கில் புகை வந்தது. சீட்டின் இரண்டாவது காலையும் வெட்டியதும் அது பின்னால் சரிந்து அவன் கால் விடுபட்டது. டிரசரும் நானும் அவனை சன்னல் வழியாக உருவி எடுத்தோம். போம்பா வந்தபோது அவன் ஸ்டிரெச்சரில் படுத்திருந்தான். தானா ராத்தா, பிறகு ஈப்போ. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கால் மிஞ்சியது.

பிள்ளைகளே, கோளாறு எங்கே என்று தேடுகிற நேரத்தில் கோளாறு யார் என்று தேடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தேடினால் இரண்டும் கிடைக்காது. தப்பு செய்தவனுக்கு வாயைத் திறக்க ஒரு வழி விட்டு வையுங்கள். இது என் முதல் பாடம். ஆனால் கதை இதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் நான் பெரிய மனிதனாகவே இருந்திருப்பேன்.

என் பொய்க்குக் கால் முளைத்தது. அந்த வருடம் முழுக்க எந்த டார்ச் மக்கர் செய்தாலும் எல்லாரும் வடிகட்டியைத் திறந்தார்கள். மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஃபோர்மேனே ஊரறியச் சொல்லிவிட்டாரே, ஈரம் என்று. திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படித் திருத்துவது? உண்மை எந்த வாசல் வழியாகப் போனாலும் தேவி வீட்டில்தான் போய் நிற்கும். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சுகுமாரன் கம்பு ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் இடத்துக்கு வந்த புது வெல்டர் பயபக்தியோடு டார்ச்சைப் பிரித்து வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தான். அதே மாதிரி மூடி தனி, முனை தனி, தலை தனி. அந்த வெல்டரின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு இலை பக்கம் போனாள். விரலில் சந்தனத்தை எடுத்துவிட்டாள். அதில் வைக்காதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்லாவிட்டால் நாளைக்கு எந்தச் சரிவில் எவன் கால் மாட்டுமோ? வாயைத் திறந்தேன்.

"அதுல வேணாம்மா."

சொன்னது தேவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலைக்குள்ள வச்சா காஞ்சு அடைச்சுக்கும், பத்திக்காது. போன வருசம் இவருக்கு அப்படித்தான் ஆச்சு. ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் வச்சேன்."

சுகுமாரன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். அவள் கையைக் காட்டி உட்கார வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க அவர தூக்குறப்ப உங்க பையிலேருந்து பஞ்சு விழுந்துச்சுண்ணே. செவப்பா இருந்திச்சு, ரத்தம்னு நெனச்சு எடுத்தேன். மோந்து பாத்தேன், சந்தனம்."

ஒரு வருடம். அவள் காப்பாற்றப்பட வேண்டியவள் என்று நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் ஒரு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தோம். அவள் எல்லாம் தெரிந்து, எங்களுக்காகத் தெரியாதவளாக இருந்திருக்கிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சொல்லாம இருந்தீங்க, சரி. அதுக்காகப் புதுசா வர்ற பிள்ளைங்க ஈரம் ஈரம்னே தேடிக்கிட்டு நிக்கணுமா?" என்றாள் தேவி. அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து, மெஷினின் கைப்பிடியில் கொண்டுபோய்ப் பொட்டு வைக்கச் செய்தாள். "இங்க வை. சாமிக்கு எங்க வச்சாலும் தெரியும்."

பொய் ஓடிய தூரம் உண்மை இன்னும் ஓடி முடிக்கவில்லை. அதனால்தான் நீங்கள் இன்னும் ஈரம் என்கிறீர்கள். இனிமேல் டார்ச் பற்றாவிட்டால் வடிகட்டியைத் திறப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இங்கே வருவதற்கு முன் நேற்று தேவியைப் போய்ப் பார்த்தேன். உன் பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் சுகுமாரனின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எதுக்குண்ணே மாத்தணும்? என் பேரச் சொல்லியே சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாங்க."